தேங்கிய இடமும் நுழைந்த இடமும்: புக்கிட் தம்புனில் ஓர் அலுமினியப் படகின் கசிவு

பின்னணி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், புக்கிட் தம்புன் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு சிறு படகுத்துறையில் இந்தப் படகு கட்டப்பட்டிருந்தது. 14 அடி நீளம், 1.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடு, ரிவெட் அடித்து இணைத்த உடல், பின்பலகையில் 15 குதிரைத்திறன் கொண்ட வெளிப்புற இயந்திரம் என்று, தூண்டில் போடுகிறவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் வகையைச் சேர்ந்த படகுதான். உரிமையாளர்கள் மூவரும் ஒரே குடும்பத்தினர்: பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அவருடைய தங்கையின் கணவர், அந்தத் தம்பதியரின் மகன். உலோகத் தகட்டு வேலையில் பழக்கமுள்ளவன் என்பதால் என்னை அழைத்தார்கள்.

படகைப் பழையதாக வாங்கியபின் அதில் இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. முதலாவது, நின்றபடி தூண்டில் வீச வசதியாக, மரச்சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகை அடித்து, அதன்மேல் கம்பளம் ஒட்டித் தளம் போட்டது. இரண்டாவது, மிதவை சுவிட்சுடன் கூடிய தானியங்கிப் பம்ப் ஒன்றைப் பின்பக்க அடியில் பொருத்தியது. படகுக்குள் நீர் சேர்ந்தால் பம்ப் தானே ஓடி இறைத்துவிடும். மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் துறைக்கு வந்து பார்க்க முடியாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

பம்ப் பொருத்திச் சில மாதங்கள் கழித்து மின்கலம் அடிக்கடி இறங்கத் தொடங்கியது. மின்கலம் பழசாகிவிட்டது என்று கருதிப் புதியது வாங்கிப் போட்டார்கள், அதுவும் இறங்கியது. பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்கள் என்பதால், பம்ப் மழைநீரை இறைத்துத்தான் மின்சாரம் தீர்ந்துபோகிறது என்ற விளக்கம் எல்லாருக்கும் பொருத்தமாகவே பட்டது. தீபாவளி விடுமுறைக்குச் சற்று முன்பு, ஒரு காலையில் துறைக்குப் போனபோது படகின் பின்பக்க விளிம்பு நீர்மட்டத்துக்கு ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் நின்றது. உள்ளே எரிபொருள் கலன் மிதந்துகொண்டிருந்தது.

முதல் பழுதுபார்ப்பு

படகை இறைத்து ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வடிகால் தக்கையைச் சுற்றிலும், இயந்திரத்தைத் தாங்கும் போல்ட்டுகளைச் சுற்றிலும், பின்பக்க ரிவெட்டுகளின் தலைகளிலும் சிலிகான் பசையைத் தாராளமாகப் பூசிக் கொடுத்தார்கள். படகு தண்ணீரில் இறங்கிய இரண்டாம் நாளே பழையபடி நீர் சேர்ந்தது.

இந்தப் பழுதுபார்ப்பு பலன் தராததோடு, பின்னால் செய்யவேண்டிய வேலையையும் கடினமாக்கியது. சிலிகான் படிந்த உலோகத்தில் வேறு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது, வண்ணமும் நிற்காது. மேலும், வினிகர் வாடை அடிக்கும் வகைச் சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அலுமினியத்தின் மேல் அதைப் பூசுவது நல்லதல்ல.

நான் முதன்முதலாகப் படகைப் பார்க்கச் சென்றபோது பெரியவர் கேட்ட கேள்வி நியாயமானது. “தம்பி, தண்ணி பின்னாடிதானே நிக்குது? அப்போ ஓட்டையும் பின்னாடிதானே இருக்கணும்?” பட்டறையில் இருந்தவர்களும் இப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். ஆனால் இயந்திரத்தின் எடையால் கட்டிவைத்த படகு பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். எங்கே நுழைந்த நீரும் ஏராவை, அதாவது படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகுச் சட்டத்தை, ஒட்டி வழிந்து பின்பலகையின் அடியில்தான் வந்து சேரும். நீர் தேங்கும் இடத்தைக்கொண்டு அது நுழைந்த இடத்தை முடிவு செய்ய முடியாது. அதனால், எங்கே என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, என்ன நீர், எப்போது சேர்கிறது என்ற இரண்டை மட்டும் முதலில் தெரிந்துகொள்ள முடிவு செய்தோம்.

என்ன நீர், எப்போது

மழைநீரா கடல்நீரா என்பதை அறிய அடியில் தேங்கியதில் ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் வெயிலில் வைத்தோம். காய்ந்ததும் தட்டு முழுவதும் வெள்ளை உப்புப் படர்ந்தது. படகில் முன்பே உப்பு ஒட்டியிருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பாமல், நன்னீரால் உட்புறத்தைக் கழுவித் துடைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, பம்பின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓர் இரவு கட்டிவைத்தோம். அன்று மழை இல்லை. காலையில் இரண்டு வாளிக்குக் குறையாமல் நீர் இருந்தது. அதுவும் காய்ந்தபோது உப்பாகவே நின்றது. ஆகவே, படகு அசையாமல் நிற்கும்போதே கடல்நீர் உள்ளே வருகிறது.

அளவும் ஒரு செய்தியைச் சொல்லியது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று நீர்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால், மணிக்கு ஏறத்தாழ 11 முதல் 12 லிட்டர் வரை நீர் நுழையும். துளையின் விட்டம் பாதியானால் வரத்து நான்கில் ஒரு பங்காகும், அதாவது மணிக்குச் சுமார் 3 லிட்டர். ஓர் இரவில் இரண்டு வாளி என்பது இந்தச் சிறிய துளைக்குப் பொருந்தியது. கண்ணுக்கு எளிதில் அகப்படாத ஒன்றைத் தேடுகிறோம் என்பது அப்போதே தெளிவாயிற்று.

அடுத்து, இறைத்துத் துடைத்த படகைப் புலாவ் அமான் பக்கமாக ஓட்டிப் பார்த்தோம். மூவரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தார்கள். கூடவே இன்னொரு படகும் வந்தது. அணியம் (படகின் முன்பகுதி) தூக்கி வேகமாகச் சென்று, சிற்றலைகளில் அடிபட்டுத் திரும்பியபோது, நின்ற நிலையில் அதே நேரத்தில் சேர்ந்திருக்கக்கூடிய நீரைவிடப் பல மடங்கு அதிகமாகச் சேர்ந்திருந்தது. ஒரே துளையாக இருந்தால் இத்தனை வேறுபாடு வருவது கடினம். படகு வளைந்து கொடுக்கும்போது மட்டும் திறக்கும் வழிகளும் இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தோம். ரிவெட் படகில் அவை பெரும்பாலும் தளர்ந்த ரிவெட்டுகளே. இரண்டு காரணங்களைத் தேடுகிறோம் என்று தெரிந்தபின்தான் படகைக் கரையேற்றினோம்.

தளத்தைத் திறந்தபோது

தளப்பலகையைக் கழற்ற உரிமையாளர்களுக்கு மனமில்லை. அதைப் போடச் செலவழித்தவர்கள் அவர்கள். ஆனால் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கியதும் வந்த வாடையே அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவிட்டது. கம்பளமும் பலகையும் வெகுகாலமாக ஈரம் காயாமல் இருந்திருக்கின்றன. அலுமினியத்தைக் காப்பது அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருந்தால்தான் அது சிதையும் இடங்களில் மீண்டும் உண்டாகும். உப்பு ஊறிய மரமும் துணியும் தகட்டின்மேல் ஒட்டிக்கிடந்தால் அங்கே ஆக்சிஜன் குறைந்து, குளோரைடு சேர்ந்து, குழிகுழியாக அரிப்புத் தொடங்கும். அது போதாதென்று, தளத்தைத் தாங்கிய மரச்சட்டங்கள் பச்சை நிறம் ஏறியவையாக, செம்பு உப்புகள் கொண்டு பதப்படுத்தியவையாக இருந்தன. சட்டம் பட்ட இடமெல்லாம் தகட்டில் வெள்ளை மாவு பூத்திருந்தது.

நடு இருக்கைக்குச் சற்று முன்னால், ஏராவின் இடப்பக்கத்தில், சேறும் செதிலும் மணலும் கலந்து ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. மருமகன் அதை மரக்கரண்டியால் வழித்தெடுத்தபோது பச்சை படர்ந்த ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. கழுவிப் பார்த்தால் ஒரு செம்புக் கம்பித் துண்டு. விரலின் இரு கணு நீளம் இருக்கும், ஒரு முனையில் கறுப்பு உறை ஒட்டியிருந்தது. பம்புக்கு இணைப்புக் கொடுத்தபோது வெட்டிக் களைந்த கம்பியின் மிச்சம் அது. தளப்பலகையின் இடுக்கில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. அது கிடந்த இடத்தில், அதே நீளத்துக்கு, அதே வளைவோடு, தகட்டில் குழிகள் வரிசையாக விழுந்திருந்தன. வரிசையின் நடுவில் இருந்த குழியைக் கூர்மழுங்கிய குச்சியால் தொட்டபோது வெள்ளைப் பொடி உதிர்ந்தது. கீழே தரை தெரிந்தது.

கடல்நீரில் செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தால் அவற்றுக்கு இடையே ஏறத்தாழ அரை வோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது, கரைவது அலுமினியம். கம்பியின் பரப்பு சிறியது என்பதால் அதனால் படகு முழுதும் பாதிக்கப்படாது. ஆனால் செம்பிலிருந்து கரையும் சிறிதளவு அயனிகள் பக்கத்துத் தகட்டின்மேல் உலோகமாகப் படிந்து, ஒவ்வொரு படிவும் தனித்தனி அரிப்பு மையமாகிவிடும். காற்றுப்படாத சேற்றுக்குள் 1.6 மில்லிமீட்டர் தகடு ஊடுருவப்பட இதுவே போதுமானது. நீரை இறைக்கப் பொருத்திய பம்பின் வேலையில் விழுந்த துண்டுதான் நீரை உள்ளே விட்டிருக்கிறது. துளை சிறியதாக இருந்தவரை அந்தப் பம்பே நீரைச் சத்தமில்லாமல் வெளியேற்றி, மின்கலம் தீரும்வரை யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டது.

நீர் நிரப்பிப் பார்த்தல்

ஒரு துளை அகப்பட்டதும் வேலை முடிந்ததாக எண்ணத் தோன்றும். ஓடும்போது சேர்ந்த நீருக்கு அது விடையல்ல என்பதால், படகைக் கரையில் வைத்து உள்ளே நீர் நிரப்பி வெளிப்புறத்தை ஆராய்ந்தோம். இதில் எடையைக் கணக்கிட வேண்டும்: 3.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள அடிப்பகுதியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினாலே 350 கிலோ ஆகிவிடும். டிரெய்லரின் உருளைகள் ஓரிரு புள்ளிகளில் மட்டும் தாங்குபவை. அவற்றின்மேல் வைத்து நிரப்பினால் நல்ல ரிவெட்டும் தளர்ந்துபோகும். எனவே இயந்திரம், மின்கலம், எரிபொருள் கலன் அனைத்தையும் இறக்கிவிட்டு, தகட்டை உள்ளிருந்து குறுக்காகத் தாங்கும் ஒவ்வொரு விலாச் சட்டத்துக்கும் நேர் கீழே குறுக்குக் கட்டை கொடுத்து, ஆள் படுத்துப் பார்க்கும் உயரத்தில் படகை வைத்தோம். கண்டறிந்த துளையைத் தற்காலிகமாக அடைத்துக்கொண்டோம்.

கசியும் துளி வெளித்தகட்டில் வழிந்தோடி வேறோர் இடத்தில் சொட்டும். அதைத் தவிர்க்க, வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்தி, ரிவெட் வரிசைகளின்மேல் முகப்பவுடரைத் தூவித் தேய்த்துவிட்டோம். வெள்ளைப் பரப்பில் முதலில் நனையும் புள்ளிதான் கசிவின் வாய். சுண்ணாம்பைப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். சுண்ணாம்பின் காரம் அலுமினியத்தைத் தின்னும் என்பதால் அதை ஏற்கவில்லை.

சில ரிவெட்டுகள் உடனே நனைந்தன. வேறு சில, நீர் நின்றிருந்தபோது உலர்ந்தே இருந்தன. மருமகன் படகின் கீழே படுத்துக்கொண்டு சட்டத்தின் அருகே உள்ளங்கையால் தகட்டை அழுத்தித் தளர்த்தியபோதுதான் அவற்றின் தலையைச் சுற்றி ஈர வளையம் தோன்றியது. “மாமா, அமுக்கினாதான் வருது, விட்டா நின்னுடுது” என்று அவர் கீழிருந்து சொன்னார். ஓடும்போது மட்டும் நீர் சேர்ந்ததற்கு இதுவே காரணம். அந்த ரிவெட்டுகள் பெரும்பாலும் நடு விலாச் சட்டத்தையும் ஏராவையும் ஒட்டியிருந்தன. அவற்றின் தலையிலிருந்து பின்னோக்கிக் கருஞ்சாம்பல் நிறக் கோடு ஒன்று இழுபட்டிருந்தது. ரிவெட் துளைக்குள் ஆடி உராயும்போது வெளிவரும் உலோகப் பொடியின் தடம் அது. டிரெய்லரின் ஓர் உருளை தேய்ந்துபோய், அதன் இரும்புத் தாங்கி சரியாக அந்த இடத்தில்தான் ஏராவில் இடித்துக்கொண்டிருந்தது என்பதையும் அப்போது கண்டோம். சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு தலையையும் மார்க்கர் பேனாவால் வட்டமிட்டோம். உடனே நனைந்தவற்றுக்கு ஒரு நிறம், அழுத்தினால் நனைந்தவற்றுக்கு வேறொரு நிறம். பின்பலகையில், பட்டறை பூசிய சிலிகானுக்குக் கீழே, ஒரு சொட்டும் கசியவில்லை.

எடுத்த முடிவுகள்

துளையைப் பற்றவைத்து அடைப்பதே பலர் சொன்ன வழி. அதை மூன்று காரணங்களுக்காக விட்டோம். தகடு மெல்லியது, வெப்பத்தால் நெளிந்து பக்கத்து ரிவெட் வரிசையைத் தளர்த்தும். இவ்வகைப் படகுகளின் தகடு உருட்டி இறுக்கிப் பலம் ஏற்றப்பட்டது. பற்றவைத்த இடத்தைச் சுற்றி அந்தப் பலம் போய்விடும். இணைப்புகளுக்குள் பழைய பசையும் உப்பும் ஊறியிருப்பதால் பற்றும் சுத்தமாக அமையாது.

உட்புறம் முழுவதும் எப்பாக்சி பூசுவது இன்னொரு யோசனை. ஆடுகிற ரிவெட்டின்மேல் பூசிய எப்பாக்சி நாளடைவில் வெடிக்கும். ரிவெட்டை இறுக்கியபின் பூசினால் கூடுதல் காப்பு, இறுக்காமல் பூசினால் மறைப்பு மட்டுமே. ஆகவே குழிகள் விழுந்த பகுதிக்கு அதே வகை அலுமினியத்தில் ஒட்டுத்தகடு, தளர்ந்த ரிவெட்டுகளுக்கு மறு இறுக்கம் அல்லது மாற்று, இரண்டுக்கும் பாலியூரித்தேன் பசை என்று தீர்மானித்தோம். ஒட்டுத்தகட்டை வெளிப்புறத்தில் வைத்தால் நீரின் அழுத்தமே அதைத் தகட்டோடு சேர்த்து அமுக்கும் என்பதால் வெளிப்புறத்தைத் தேர்ந்தோம். முன் விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிட்டால் ஓட்டத்துக்கு இடையூறு இல்லை.

செய்த வேலை

மிகுந்த நேரம் எடுத்தது சிலிகானை அகற்றும் வேலைதான். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, கரைப்பானால் துடைத்து, துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையால் தேய்த்தோம். சாதாரண இரும்புத் தூரிகை அலுமினியத்தில் இரும்புத் துகளைப் பதித்துவிடும். அத்துகள்களே பின்னர் அரிப்புக்கு வித்தாகும்.

குழிகளைச் சுத்தம் செய்து, ஊடுருவிய துளையை வட்டமாகத் துளையிட்டு நல்ல உலோகம் வரும்வரை விரித்தோம். ஒட்டுத்தகட்டின் மூலைகளை வளைவாக வெட்டி, பசை தடவிப் பதித்து, ரிவெட் அடித்தோம். தளர்ந்த ரிவெட்டுகளில், துளை விரியாதவற்றை ஒருவர் வெளியே கனத்த எஃகுக் கட்டையால் தாங்கிப் பிடிக்க, மற்றவர் உள்ளே அடித்து இறுக்கினார். துளை நீள்வட்டமாகிவிட்டவற்றைத் துளையிட்டு எடுத்து, அடுத்த அளவு ரிவெட்டைப் பசையில் தோய்த்து அடித்தோம். உள்ளே அடிக்க இடமில்லாத சில இடங்களில், முனை மூடிய வகைப் பாப் ரிவெட் போட்டோம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருப்பதால் அது நீர்க்கோட்டுக்குக் கீழே ஆகாது. நாங்கள் போட்ட மூடிய வகையின் நடுக்கம்பியும் எஃகாக இல்லாமல் அலுமினியமாக இருக்கும்படி பார்த்து வாங்கினோம்.

பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை வாங்கி இறுகுவது. பினாங்கின் ஈரக்காற்றில் அதன் மேற்பரப்பு விரைவாகத் தோல் கட்டிவிடும். உள்ளே இறுகக் கூடுதல் நாட்கள் வேண்டும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பசையை எடுத்து வேலை செய்துவிட்டு, ஒரு வாரம் படகைத் தொடவில்லை.

அதன் பின்

மீண்டும் நீர் நிரப்பிப் பார்த்தபோது அழுத்தினாலும் பவுடர் நனையவில்லை. ஆனால் கடலில் இறக்கிய மறுநாள் பின்பக்க அடியில் ஒரு குவளை அளவு நீர் இருந்தது. மைத்துனர் மனம் உடைந்துபோனார். எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா என்று கேட்டார். அதற்கு முன் உட்புறத்தைத் துடைத்து, விலாச் சட்டங்களுக்கு இடையே குறுக்காகப் பவுடர்க் கோடுகள் போட்டுவைத்தோம். அடுத்த முறை பார்த்தபோது நடு இருக்கைக்குப் பின்னால் இருந்த கோடுகள் மட்டுமே அழிந்திருந்தன. தகட்டு இணைப்புகள் உலர்ந்திருந்தன. இருக்கையின் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்த மிதவை நுரை, பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருந்தது. மாதக்கணக்கில் உறிஞ்சிய நீரை அது மெதுவாக விட்டுக்கொண்டிருந்தது. அந்த நுரையை எடுத்துவிட்டு, நீர் ஏறாத மூடிய கண்ணறை நுரையை, கீழே நீர் வழிய இடம் விட்டு வைத்தபின் அடிப்பகுதி உலர்ந்தது. படகு முன்பைவிட நீரில் உயர்ந்து நிற்பது எல்லாருக்கும் கண்கூடாகத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு மழைக்காலத்துக்குப் பின் கரையேற்றிச் சோதித்தபோது ஒட்டுத்தகடு உறுதியாக இருந்தது. ஏராவை ஒட்டிய ஒரு ரிவெட் மட்டும் அழுத்தியபோது நனைந்தது. முதல் முறை மாற்றாமல் இறுக்கி மட்டும் விட்ட ஒன்று அது. அதைத் துளையிட்டு எடுத்து, பெரிய அளவில் மாற்றினோம்.

மாற்றியவையும் மாற்றவேண்டியவையும்

தளம் இப்போது கம்பளம் இல்லாமல், எப்பாக்சி பூசிய ஒட்டுப்பலகையில், மரச்சட்டத்துக்குப் பதில் பிளாஸ்டிக் தாங்கிகளின்மேல் நிற்கிறது. நடுவில் கையால் தூக்கும் மூடி ஒன்று வைக்கப்பட்டது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து சேற்றை வழித்து நன்னீரால் கழுவுகிறார்கள். ஈயக்குண்டும் தூண்டில் கொக்கியும் மூடியுள்ள பெட்டியில் மட்டுமே வைக்கப்படுகின்றன, ஏனெனில் ஈயமும் அலுமினியத்துக்கு ஆகாத உலோகம்தான். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளுக்குக் கீழே நைலான் வளையம் இடப்பட்டுள்ளது. பக்கத்துப் படகுக்காரர் தம்மிடம் மிச்சமிருந்த செம்பு கலந்த பாசித்தடுப்பு வண்ணத்தை அன்போடு கொடுத்தபோது, அது கண்ணாடியிழைப் படகுக்கு ஏற்றது, இதற்குப் பகை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்.

பம்பை எடுத்துவிடவில்லை. அது ஓடும்போது எரியும் சிறு விளக்கு ஒன்றைத் துறையிலிருந்து தெரியும்படி பொருத்தி, மழையில்லாத நாளில் விளக்கு எரிந்தால் தெரிவிக்குமாறு துறையில் இருப்பவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். கம்பி இணைப்புகள் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக மாற்றப்பட்டு, ஒவ்வொன்றும் உறையிட்டு மூடப்பட்டன. அந்த வேலையின்போது படகின் அடியில் துணி விரித்து, வெட்டிய துண்டுகளை எண்ணி எடுத்தோம்.

இன்னும் மீதமிருப்பது டிரெய்லர். தேய்ந்த உருளையை மாற்றியாகிவிட்டது என்றாலும், படகின் எடையை ஏரா மட்டும் தாங்காமல் இருபுறமும் நீளவாக்கில் தாங்கு பலகைகள் அமைப்பதே சரியான ஏற்பாடு. அது முடியும்வரை, படகைக் கரையேற்றும் ஒவ்வொரு முறையும் நடு விலாச் சட்டத்தின் ரிவெட்டுகளை அழுத்திப் பார்ப்பது என்று மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.